கை வைத்தால் பதினைந்து

ரோபோ போட்டிக்கு வரும் பெற்றோர் ரோபோவைப் பார்ப்பார்கள். நடுவராக நிற்பவர் பிள்ளைகளின் கைகளைப் பார்க்க வேண்டும். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர், 2019-20 சீசனில் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டி ஒன்றுக்குத் தன்னார்வ நடுவராகப் போனார். பயிற்சி வகுப்பில் மூத்த நடுவர் சொன்ன முதல் பாடமே இதுதான். “ரோபோ கடைசியில எங்க நிக்குதுன்னு மேஜையே சொல்லிடும். கை எப்ப பட்டுச்சுன்னு மேஜை சொல்லாது. அதை நீங்கதான் பாத்திருக்கணும்.”

அந்தப் பேச்சில் விஷயம் இருந்தது. இந்தப் போட்டியில் பெரும்பாலான மதிப்பெண்கள் ஆட்டம் முடிந்த நொடியில் மேஜை எப்படி இருக்கிறது என்பதை வைத்தே போடப்படுகின்றன. கொடி தூக்கியிருக்கிறதா, கட்டை வட்டத்துக்குள் இருக்கிறதா என்று நிதானமாகக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். தொட்டதற்கு மட்டும் எந்தத் தடயமும் கிடையாது. பார்த்த கண்ணே சாட்சி.

மேஜையின் உள்ளளவு ஏறக்குறைய 2.36 மீட்டருக்கு 1.14 மீட்டர். நான்கு பக்கமும் சாண் உயரம்கூட இல்லாத மரச்சுவர். உள்ளே அச்சிட்ட மேட், அதன்மேல் லெகோவில் கட்டிய மாதிரிகள். அந்த வருடத் தலைப்பு ‘சிட்டி ஷேப்பர்’ என்பதால் கிரேன், ஊஞ்சல், லிஃப்ட், பாலம் என்று ஒரு குட்டி நகரமே நின்றது. ஒரு மூலையில் ‘ஹோம்’. ரோபோ அங்கிருந்து கிளம்பும், அங்கே திரும்பி வரும். ஆட்டம் இரண்டரை நிமிடம். டைமர் ஓட ஆரம்பித்துவிட்டால் எதற்காகவும் நிற்காது. ரிமோட் கிடையாது, புளூடூத்தை அணைத்துவைக்க வேண்டும். பிள்ளைகள் எழுதிய நிரல்தான் ரோபோவை ஓட்டும். ஹோமுக்குள் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம், கருவியை மாற்றலாம், திசையைச் சரிசெய்யலாம். கிளம்பியபின் வெளியே வைத்துத் தொட்டால் அதற்கு ஒரு விலை உண்டு.

அந்த சீசனில் விலைப்பட்டியல் இப்படி இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு அணிக்கும் ஆறு சிறு வட்டுகள், துல்லிய டோக்கன்கள். ஆறும் மிஞ்சினால் 60 மதிப்பெண். ஐந்து மிஞ்சினால் 45, நான்குக்கு 30, மூன்றுக்கு 20, இரண்டுக்கு 10, ஒன்றுக்கு 5. ரோபோ வெளியே இருக்கும்போது ஒவ்வொரு முறை கைவைத்ததற்கும் நடுவர் ஒரு வட்டை எடுத்துக்கொள்வார். முதல் தொடுதலுக்குப் பதினைந்து. இரண்டாவதற்கும் பதினைந்து. அதற்கப்புறம் பத்து, பத்து. கடைசி இரண்டும் ஐந்தைந்து.

முந்தைய சீசன்களில் இதே காரியத்துக்குத் தண்டனை மதிப்பெண் என்று பெயர். தொட்டால் மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். பழைய போட்டிகளைப் பார்த்திருந்த ஒரு பயிற்சியாளர் சாப்பாட்டு இடைவேளையில் ஆசிரியையிடம், கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, முகத்தில்தான் வித்தியாசம் என்றார். கழிக்கும்போது பிள்ளைகள் நடுவரை முறைப்பார்களாம். கையில் இருந்த டோக்கன் போனால் பக்கத்தில் நிற்பவனை முறைக்கிறார்கள். ஆசிரியைக்கு இது வேடிக்கையாகப் பட்டது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அந்த முறைப்பை அவரும் நிறையவே பார்த்துவிட்டார்.

கை தானாகப் போகும். இதை அனுபவித்தால்தான் தெரியும். மாதக்கணக்கில் ஒரு ரோபோவைக் கட்டி, பிரித்து, மறுபடி கட்டி, சக்கரம் வழுக்குகிறதென்று துடைத்துத் துடைத்து ஓட்டிய பிள்ளையின் கண்ணெதிரே அது கோணலாகக் கிளம்பி ஊஞ்சலின் காலில் மோதி நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால், மூளை யோசிக்கும் முன்னே கை அங்கே இருக்கும். விளிம்பில் வைத்த குழந்தை உருளப்போகிறது என்றால் தாயின் கை எப்படிப் போகுமோ அப்படி. ஒன்பது வயதுப் பையனுக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

இதற்காகவே ஓர் அணி ஒரு வழக்கம் வைத்திருந்தது. அந்த சீசனில் மேஜையோரம் ஒரே நேரத்தில் இரண்டு பேர் நிற்கலாம், மற்றவர்கள் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். ஆள் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. இவர்களின் இரண்டு பேரில் ஒருத்தி ரோபோவைக் கிளப்புவாள். கிளப்பியதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். இன்னொருவனுக்கு ஒரே வேலை, “எடு” அல்லது “விடு” என்று சொல்வது. அவன் சொல்லாமல் அவள் கை அவிழாது. அவன் சத்தம் போட மாட்டான். பக்கத்து மேஜையில் “டேய் எடுடா, எடுடா, ஐயோ விடுடா” என்று நான்கு பேர் கத்திக்கொண்டிருக்க, இங்கே ஒரே சொல். வெளியே தள்ளி நின்ற பிள்ளைகளுக்கும் வாயைத் திறக்க அனுமதியில்லை. பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததா என்று ஆசிரியை பிறகு கேட்டார். “இல்ல மேம், போன தடவை இவளே மூணு டோக்கன் காலி பண்ணா” என்றான் அந்தப் பையன். அவள் மறுக்கவில்லை.

நடுவருக்குச் சிக்கல் வருவது வீட்டு வாசலில். ரோபோ முழுவதும் உள்ளே வந்தபின் தூக்கினார்களா, வருவதற்கு முன்பே தூக்கினார்களா? ஹோம் என்பது தரையில் வரைந்த கோடு மட்டும் இல்லை. கோட்டிலிருந்து நேர் செங்குத்தாக மேலே ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் இருப்பதாக விதி கருதுகிறது. கோடும் ஹோமைச் சேர்ந்ததுதான். ரோபோவின் சக்கரம் உள்ளே இருக்கும், முன்னால் நீட்டிய லெகோ கை அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே இருக்கும். அந்த நொடியில் ஒரு பிள்ளை ரோபோவை அள்ளிவிடும். அள்ளியபின் எதைப் பார்ப்பது?

அன்று மதியம் அப்படியொன்று நடந்தது. ரோபோ ஹோமுக்குள் நுழைகிற வேகத்திலேயே ஒரு பெண் அதைத் தூக்கினாள். அடுத்த மேஜை நடுவர் தலையாட்டினார், வெளியே இருந்தது என்று. ஆசிரியைக்கு உள்ளே இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கூட்டத்திலிருந்து யாரோ அப்பா ஒருவர் குரல் கொடுத்தார். விதிப்புத்தகத்தில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. இரண்டு பக்கமும் சொல்லக்கூடிய மிக நெருக்கமான நிலை என்றால் சந்தேகத்தின் பலன் அணிக்கே. டோக்கன் அங்கேயே இருந்தது. அந்த அப்பாவின் குரலுக்கு இதில் பங்கில்லை. மேஜையில் நடந்ததைப் பற்றி நடுவரிடம் பேச வேண்டியவர்கள் பிள்ளைகள்தான். பெரியவர்கள் அந்தப் பேச்சில் நுழைவதில்லை. கிரிக்கெட்டில் சந்தேகத்தின் பலன் மட்டையாளருக்கு என்பதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் வலிக்கும் விதி ஒன்று உண்டு. ரோபோ தூரத்திலிருந்து ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு வருகிறது, வழியில் சிக்கிக்கொள்கிறது, பிள்ளை தூக்குகிறது. டோக்கன் போவதோடு கதை முடியாது. கிளம்பும்போது ரோபோ கூடவே கொண்டுபோன பொருள் என்றால் வைத்துக்கொள்ளலாம். வழியில் புதிதாகப் பிடித்ததென்றால் அது நடுவரிடம் போய்விடும், அந்த ஆட்டத்துக்குத் திரும்பாது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் கையிலிருந்து அப்படியொரு பொருளை வாங்க வேண்டியிருந்தது. அவன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே, “மேம், இது ரோபோ எடுத்தது, நான் எடுக்கல” என்றான். சரியான வாதம். ஆனால் ரோபோவைத் தூக்கியது அவன். இந்த விதி இல்லையென்றால் ரோபோ எதையாவது தொட்டதும் தூக்கிக்கொண்டு ஹோமுக்கு வந்துவிடலாம். திரும்பி வருகிற வழியை நிரலில் எழுதவே வேண்டாம். அப்புறம் ரோபோ எதற்கு?

ஆனால் இந்தத் திருட்டு வழிக்கு நியாயமான உறவுக்கார வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் மூன்றாவது மேஜைக்கு வந்த அணி கையாண்டது. அவர்களின் ரோபோ தூரத்து மூலைக்குப் போய் வேலையை முடித்தது. முடித்ததும் அங்கேயே நின்றது. திரும்பி வரவில்லை. ஒரு பையன் அவசரமே இல்லாமல் குனிந்து அதைத் தூக்கி ஹோமில் வைத்தான். நடுவர் வட்டை எடுக்குமுன்பே அவன் அதைச் சுட்டிக்காட்டினான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை அதேபோல. ஆசிரியைக்கு முதலில் இது பிடிக்கவில்லை, விதியை விலைக்கு வாங்குகிற மாதிரி இருந்தது. ஆட்டம் முடிந்து அவர்கள் நோட்டைக் காட்டினார்கள். ரோபோ அந்த மூலையிலிருந்து திரும்பிவர எத்தனை வினாடி, வழியில் சிக்கிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு, மிச்சமாகும் நேரத்தில் வேறெந்தப் பணியைச் செய்யலாம், அதற்கு எத்தனை மதிப்பெண் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். இரண்டு டோக்கன் போனால் முப்பது நஷ்டம். மிச்சமான நேரத்தில் செய்கிற பணிகள் அதைவிட அதிகம் கொடுத்தன. மூன்றாவது டோக்கனை அவர்கள் செலவழிக்கவில்லை. அதற்கு மேல் கட்டுப்படியாகவில்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு ஆசிரியைக்கு இந்த விதி வேறு மாதிரித் தெரிந்தது. தொடாதே என்று விதி சொல்லவில்லை, தொட்டால் இவ்வளவு என்று சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிவைக்கும் விதிகளில் இந்த வகை மிகக் குறைவு. ஆய்வகத்தில் ‘அனுமதியின்றித் தொடாதே’ என்று பலகை மாட்டுவோம். தொட்டால் என்ன ஆகும் என்று எவரும் கணக்குச் சொல்வதில்லை. அதனால் பிள்ளைகள் தொடுவதை நிறுத்துவதில்லை, பார்க்காத நேரத்தில் தொடுகிறார்கள்.

எல்லா ரோபோ போட்டியும் இப்படியல்ல. 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடில், மேஜையில் பணிகளை முடிக்கும் பிரிவில், ரோபோ கிளம்பியபின் அணியினர் அதைத் தொட்டால் அந்த ஓட்டமே முடிந்தது. இரண்டு நிமிட ஓட்டம். அதற்கு முன் எல்லா ரோபோக்களும் ஓர் இடத்தில் ஒப்படைக்கப்படும், நடுவர்கள் அளந்து பார்ப்பார்கள், கிளம்பும்போது ஒவ்வொரு பக்கமும் 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒப்படைத்தபின் நிரலில் கைவைக்க முடியாது. 2016இல் இதன் உலக இறுதிப்போட்டி இந்தியாவிலேயே நடந்தது. ஆசிரியையின் பள்ளிப் பிள்ளைகள் பிறகொரு வருடம் இந்தப் போட்டியின் உள்ளூர்ச் சுற்றில் கலந்துகொண்டபோது அவர் பயிற்சியாளராக வெளியே உட்கார்ந்திருந்தார். அங்கே கத்தல் இல்லை. ரோபோ சிக்கினால் பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு டைமரைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் என்ன தப்பு என்று உடனே பேசத் தொடங்கினார்கள், யார் தொட்டது என்று யாரும் கேட்கவில்லை.

இந்த முறை ரோபோவைச் செம்மையாக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. கிளம்பிய பின் காப்பாற்ற வழியில்லை என்றால் கிளம்புமுன் எல்லாவற்றையும் சரிபார்த்தாக வேண்டும். ஆனால் பத்து வயதுக் குழந்தைகளுக்கு எது நல்லது என்று கேட்டால் விலைபோட்ட தொடுதல்தான் என்பது அவர் கட்சி. இரண்டு நிமிடத்தில் எட்டாவது வினாடியிலேயே ஆட்டம் முடிந்த குழந்தைக்கு மீதி நேரம் முழுக்க வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

வேறு சில போட்டிகளின் விதிகளையும் அவர் ஆர்வத்தில் தேடிப் படித்தார். ரோபோகப் ஜூனியர் கால்பந்தில் பழுதான ரோபோவை வெளியே எடுத்தால் அது குறைந்தது ஒரு நிமிடம் அல்லது அடுத்த தொடக்க உதைவரை மைதானத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதே அமைப்பின் மீட்புப் போட்டியில் ரோபோ திணறினால் அணித் தலைவர் முன்னேற்றமில்லை என்று அறிவிப்பார், அது முந்தைய சோதனைப் புள்ளியிலிருந்து மறுபடி ஓடும். ரிமோட் வைத்து ஓட்டுகிற வெக்ஸ் போட்டியில் ரோபோ ஆட்டம் தொடங்கியதிலிருந்து கொஞ்சம்கூட நகராமல் இருந்தால் மட்டும் போய்த் தொட்டு ஸ்விட்சைப் போடலாம், பேட்டரியைச் செருகலாம். கொஞ்சம் நகர்ந்துவிட்டாலும் அந்தச் சலுகை போச்சு. செத்துப்போன ரோபோவுக்கு இரக்கம் உண்டு, முடமான ரோபோவுக்கு இல்லை. இந்தத் தர்க்கம் அவருக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை.

பெரிய பிள்ளைகளின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டிக்குப் போனால் தொடும் பேச்சே வேறு. இந்த அமைப்பை டீன் கேமன் 1989இல் அமெரிக்காவில் தொடங்கினார், லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கான லீக் வந்தது அதன்பின்தான். பெரிய போட்டியின் ரோபோக்கள் ஐம்பது கிலோவைத் தாண்டும். ஓட்டுகிறவர்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சுவருக்குப் பின்னால் நிற்பார்கள். ஆட்டம் முடிந்தாலும் மைதானத்து விளக்குகள் பச்சையாகும்வரை எந்த அணியும் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது. அங்கே தொடாமல் இருப்பது மதிப்பெண்ணுக்காக அல்ல, விரல்களுக்காக. லெகோ ரோபோவைப் பிடித்தால் யாருக்கும் காயமாகாது. ஆகவே சின்னவர்களின் விதி முழுக்க விளையாட்டுக்காகவே எழுதப்பட்டது, அதில் பயமுறுத்தல் தேவைப்படவில்லை.

2016இல் நீதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் இந்தியா முழுவதும் பள்ளிகளுக்கு இருபது லட்ச ரூபாய் வரை உதவி கிடைத்தது. ஆசிரியையின் பள்ளியிலும் ஓர் அறை வந்தது. அங்கே பயிற்சிக்கு மேஜை போட்டபோது பிள்ளைகளின் முதல் கோரிக்கை, பயிற்சியில் டோக்கன் விதி வேண்டாம் என்பது. அவர் சம்மதிக்கவில்லை. முதல் வாரங்களில் டோக்கன்கள் வந்த வேகத்தில் போயின. ஆறும் போனபின் ஒரு பையன் ரோபோவைப் பார்ப்பதையே விட்டுவிட்டுக் கையோடு தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், இழக்க இனி ஒன்றும் இல்லை என்று. பட்டியலின் கோளாறு அவருக்கு அப்போது தெரிந்தது. முதல் தொடுதல் மிக விலையுயர்ந்தது, கடைசித் தொடுதல் சல்லிசு. முதலிலேயே பதற்றப்பட்ட குழந்தை அதிகம் இழக்கிறது, அதற்கப்புறம் அதை அடக்க விதியிடம் பலமில்லை.

விதியை எழுதுகிறவர்களுக்கும் இது தோன்றியிருக்க வேண்டும். பின்னர் வந்த சீசன்களில் பட்டியல் மாறியது. ஆறு டோக்கனுக்கும் 50, ஐந்துக்கும் 50. நான்குக்கு 35, மூன்றுக்கு 25, இரண்டுக்கு 15, ஒன்றுக்கு 10. முதல் தொடுதல் இலவசம். ஆசிரியைக்கு இந்தத் திருத்தம் ரொம்பப் பிடித்தது. பதறிப்போய்க் கைவைத்த பிள்ளைக்கு ஒரு மன்னிப்பு, அதைப் பயன்படுத்திக்கொண்டபின் கணக்கு தொடங்குகிறது. அவருடைய அணியோ அந்த முதல் தொடுதலை மன்னிப்பாகவே நினைக்கவில்லை, எந்த ஓட்டத்தில் செலவழிக்கலாம் என்று உட்கார்ந்து திட்டம் போட்டது.

சிட்டி ஷேப்பர் சீசனுக்கே திரும்பினால், அன்றைய கடைசி ஆட்டங்களில் ஒன்று ‘எடு’, ‘விடு’ அணியுடையது. ஒவ்வொரு அணிக்கும் மூன்று சுற்று, அதில் சிறந்தது எதுவோ அதுவே கணக்கில் வரும். முதல் இரண்டு சுற்றிலும் அவர்கள் சுமாராகச் செய்திருந்தார்கள். மூன்றாவதில் ஆறு டோக்கனும் அப்படியே இருந்தன. டைமரில் இருபது வினாடிக்குச் சற்று அதிகம். ரோபோ கிரேன் அருகே ஏதோ ஒரு பீமில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு நின்றது. இன்னும் மிச்சமிருந்தது பாலம். ஆட்டம் முடியும்போது ரோபோ பாலத்தின்மேல் நின்றால் இருபது, ரோபோ தூக்கும் ஒவ்வொரு கொடிக்கும் பதினைந்து.

பையன் வாயைத் திறக்கவில்லை. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள், கைகள் பின்னாலேயே இருந்தன. ஆசிரியை அவன் உதடுகளைக் கவனித்தார். அவன் பதினைந்து, முப்பத்தைந்து என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். “எடு.”

ரோபோ ஹோமுக்கு வந்தது, நடுவர் ஒரு வட்டை எடுத்தார், அவள் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு நிரலை மாற்றிப் பொத்தானை அழுத்தினாள். பாலத்தின் சரிவில் ஏறும்போது சக்கரம் ஒருமுறை வழுக்கியது. அவள் தோள் மட்டும் முன்னால் வந்தது. டைமர் அலறியபோது ரோபோ மேலே நின்றது, ஒரு கொடி தூக்கியிருந்தது.

மதிப்பெண் தாளில் அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் சின்னச் சர்ச்சை. கொடி முழுதாகத் தூக்கியிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று அவர்களே குனிந்து பார்த்தார்கள். எந்த அளவில் இருந்தாலும் தெளிவாகத் தூக்கியிருந்தால் போதும் என்று ஆசிரியை விதியைக் காட்டினார். தாளை வாங்கிய கையோடு அவர்கள் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்கள். கிரேன் பக்கம் போகும் ஓட்டத்தை இனி நிரலிலிருந்தே தூக்கிவிடுவதா, இல்லை சக்கரத்துக்கு முன்னால் ஒரு காவல் பீம் வைப்பதா என்று வாக்குவாதம். அவள் தூக்கிவிடலாம் என்றாள். பையன் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பக்கம் இன்னும் இருபது மதிப்பெண் கிடக்கிறது என்றான்.